பக்கத்துல யாரு இருக்கா?

பெரியம்மாவின் எண் போனில் வந்தால் எங்கள் குடும்பத்தில் யாரும் நின்றுகொண்டு எடுப்பதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒருமுறை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த எண் வந்திருக்கிறது. சீட்டில் இருந்தவரிடம், "அண்ணே, செத்த நேரம் எந்திரிங்க, ஊர்ல இருந்து எங்க அத்தை கூப்பிடுது" என்று கெஞ்சி, உட்கார்ந்த பிறகுதான் எடுத்தானாம். என் அக்கா குழந்தையின் காதுகுத்துக்கு வரச் சொல்லத்தான் பெரியம்மா கூப்பிட்டிருந்தார். "நல்ல சேதி சொல்றதுக்கு வேற நம்பர் வாங்கிக்கோங்க அத்தை" என்று அவன் திட்டியதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் குடும்பத்தில் சாவுச் செய்தி சொல்பவர் அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. பெரியப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்திலும் கிணற்றிலும் எத்தனையோ உடல்களைப் பார்த்தவர். ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு "ஹலோ" என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிடும். பெரியம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்வார். அப்படித் தொடங்கியது. பிறகு இராஜபாளையத்தில் அவர்கள் குடியிருந்த தெருவிலும், அவருடைய பிறந்த ஊரான கான்சாபுரத்திலும், ஒரு வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் முதலில் ஐஸ் பெட்டிக்கு ஆள் போகும், அடுத்து பெரியம்மாவுக்கு ஆள் போகும்.

அவர் எப்படிச் சொல்வார் என்பதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். மதுரையில் விடுதியில் தங்கி ஸ்கேன் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் கூப்பிட்டார்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"இல்ல பெரிம்மா. இனிமேதான்."

"சாப்பிட்டுட்டுக் கூப்பிடு."

சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டேன்.

"தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியல. வந்துட்டுப் போ. பக்கத்துல யாரு இருக்கா?"

"ரூம்ல கூட இருக்கிற பொண்ணு."

"அவகிட்டப் போனைக் கொடு."

என் தோழி போனை வாங்கி, "சரிங்கம்மா... சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் பையை அவளே அடுக்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூடவே வந்தாள். வழியெல்லாம் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், இடையிடையே தாத்தாவைப் பற்றியும் பேசினாள். எங்கள் தெரு முனையில் பந்தலைப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. அதற்குள் பாதி அழுது முடித்திருந்தேன்.

பெரியம்மா என்னதான் சொன்னார் என்று அவளிடம் பல மாதம் கழித்துக் கேட்டேன். அவள் மறக்காமல் வைத்திருந்தாள். "தாத்தா காலையிலயே போயிட்டாரும்மா. அவளை ஜன்னலோரம் உக்கார வை. திருமங்கலம் தாண்டினதும் சீரியஸா இருக்குதாம்னு சொல்லு. கல்லுப்பட்டி தாண்டினதும் டாக்டர் கையை விரிச்சிட்டாராம்னு சொல்லு. கிருஷ்ணன்கோவில் வந்த பொறவு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கே தெரிஞ்சிரும்."

எதையும் பிரித்து எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பெரியம்மா சொன்ன விதத்தில் மூன்று விதிகள் இருந்தன. கேட்பவருக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். செய்தி ஊரை நெருங்க நெருங்கத்தான் கனக்க வேண்டும். உண்மை முதலில் பக்கத்தில் இருப்பவருக்குப் போக வேண்டும். மூன்றாவது விதிதான் எனக்கு உறுத்தியது. கோயம்புத்தூர்ச் சித்தி ஒருத்திக்கும் உறுத்தியது. "எங்கப்பா செத்தது பஸ் கண்டக்டருக்குத் தெரியுது, பின் சீட்டுக்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்று காரியம் முடிந்த வீட்டில் சண்டைக்கு நின்றாள்.

பெரியம்மா அசரவில்லை. "தெரிஞ்சிருந்தா என்னட்டி செஞ்சிருப்ப? பஸ்ஸுல கத்தியிருப்ப. வண்டியை நிப்பாட்டி உன்னைய எறக்கிவிட்டு முகத்துல தண்ணி தெளிச்சிருப்பாவ. நடுக் காட்டுல நின்னுக்கிட்டு இருந்திருப்ப."

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஒரே ஒருமுறை விளக்கம் சொன்னார். அவருடைய மூத்த அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். பெரியம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் தந்தி வந்தது. கொண்டுவந்தவன் அதைப் பிரித்துத் தெருவில் நின்றபடியே படித்தானாம். "எங்கம்மா இடுப்புல குடத்தோட நிக்கா. குடத்தை எறக்கி வைன்னு சொல்லக்கூட அவனுக்குத் தோணல. சைக்கிளை விட்டுக்கூட அவன் எறங்கலட்டி." அண்ணன் எப்படி இறந்தார் என்று நான் கேட்டேன். அது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. சைக்கிளைப் பற்றித்தான் மறுபடியும் சொன்னார்.

படிப்பு முடிந்து இராஜபாளையத்திலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் வேலையிலும் ஒரு விதி உண்டு. படம் எடுப்பவள் படத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது. அதைப் படித்து எழுத டாக்டர் இருக்கிறார். "என்னம்மா இருக்கு?" என்று கேட்பவர்களிடம், "ரிப்போர்ட்ல வரும்" என்பதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை. பெரியம்மாவுக்கு இது பிடித்திருந்தது. "நீயும் என் ஜாதிதான்" என்பார்.

போன வருடம் அவருக்குச் சர்க்கரை வந்தது. வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், பெரியம்மா சோற்றைக் குறைத்தார், உடம்பு மெலிந்தது. தெருவில் அதைப் பாராட்டினார்கள். "ஏக்கா, என்ன சாப்பிடுதீக? எனக்கும் சொல்லுங்க" என்று பேண்டேஜ் துணி யூனிட்டுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். பெரியம்மா ரவிக்கையின் தோளைப் பிடித்துக் காட்டி, "எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு, தையக்காரனுக்குத்தான் லாபம்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். அப்புறம் முதுகு வலித்தது. மல்லாந்து படுத்தால் வலிக்கும். தலையணையை மடியில் வைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. டாக்டர் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எங்கள் சென்டருக்கே வந்தார்கள்.

நான்தான் ஊசி குத்தினேன். மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சூடாக இருக்கும், பயப்படாதீர்கள் என்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். பதிவு செய்த குரல், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது. பெரியம்மா பிடித்தார். கணையத்தின் நடுப்பகுதியில் சுற்றியிருந்த சதையைவிட மங்கலாக ஒரு திட்டு தெரிந்தது. அதற்கு அப்பால் குழாய் வீங்கியிருந்தது. ஈரலில் சில புள்ளிகள். "மூச்சை விடலாம்" என்றது குரல்.

உள்ளே போய் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருந்தவர். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"பட்டினியா இருக்கீங்களே பெரிம்மா. இட்லி வாங்கிட்டு வரச் சொல்றேன். மொதல்ல சாப்பிடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அம்புட்டு மோசமாட்டி?"

"ரிப்போர்ட்ல வரும்" என்றேன்.

"சாப்பிடச் சொல்லுதியே. என்கிட்டயேவா?" என்று சிரித்தார். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். பிறகு இட்லியைச் சாப்பிட்டார்.

ரிப்போர்ட்டில் கட்டி என்றும், ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்றும் இருந்தது. எந்த வகை என்பதற்கு இரண்டு பெயர்கள் கொடுத்து, சதை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டு நாற்காலி வரிசையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "போங்க, போயி வண்டியை எடுங்க. வெயில்ல சீட்டு சுடும், தண்ணி ஊத்தி வைங்க" என்று பெரியம்மா அவரை வெளியே அனுப்பினார்.

அன்று வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கணையம்னா எங்கட்டி இருக்கு?"

"இரைப்பைக்குப் பின்னால. முதுகெலும்புக்கு முன்னால."

"அதான் முதுகைப் பிடிக்குதா. ஈரல்லயும் புள்ளி இருக்குன்னா முடிஞ்ச மாதிரிதான?"

"அப்படிச் சொல்ல முடியாது பெரிம்மா. எந்த வகைங்கிறதைப் பொறுத்தது."

"எத்தனை வகை இருக்கு?"

கல்லூரியில் படித்த வரிசையிலேயே சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் என் குரல் ஒழுங்காக இருக்கும். நீர்க்கட்டியில் ஒரு வகை உண்டு, தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக இருக்கும், வயதான பெண்களுக்கு அதிகம் வரும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இன்னொரு நீர்க்கட்டிக்குள் கோழை மாதிரி இருக்கும், அதை விட்டுவைத்தால் பின்னால் புற்றாக மாறக்கூடும் என்பதால் வெட்டி எடுப்பார்கள். குழாய்க்குள்ளேயே கோழையோடு வளர்வது ஒன்று, அதைச் சிலருக்குக் கண்காணிப்பார்கள், சிலருக்கு எடுப்பார்கள். சிறு வயதுப் பெண்களுக்கு வருவது ஒன்று, பெரிதாக வளரும், ஆனால் எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது, இன்சுலின் போன்றவற்றைச் சுரக்கிற செல்களில் வருவது. நியூரோஎண்டோகிரைன் என்று பெயர். சிலருக்கு அது சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், பலருக்கு ஒன்றும் காட்டாது. பொதுவாக மெதுவாக வளரும். ஈரலுக்குப் போன பிறகும் மருந்தோடு வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கடைசியாக, குழாயின் உள்தோலில் வருவது. அடினோகார்சினோமா. அதிகமாக வருவது அதுதான்.

அதோடு நிறுத்தினேன்.

"மொதல்ல சொன்ன நாலும் எனக்கு இல்ல" என்றார்.

"படத்தைப் பாத்தா அப்படித் தெரியல."

"மிச்சம் ரெண்டு. ஒண்ணு வருசக்கணக்கு. மத்தது?"

"மாசக்கணக்கு."

அவர் அழவில்லை. வேறு ஒரு கணக்கில் இருந்தார். அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. வடக்கே எல்லைப் பக்கம் பட்டாளத்தில் இருக்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "சித்திரையில வந்து லீவுல பாதியைத் தீத்துட்டுப் போயிட்டாம்லா. மிச்சம் இருக்கிறதுக்கு ஒரு தடவைதான் வர முடியும். வருசக்கணக்குன்னா இப்பக் கூப்பிட வேணாம், சாவகாசமா வரட்டும். மாசக்கணக்குன்னா இப்பவே வரணும். தப்பாக் கூப்பிட்டுட்டேன்னு வச்சுக்கோ, எனக்கு முடியாமப் போற சமயத்துல அவனுக்கு லீவு இருக்காது." தலையணையின் உறையைச் சரி செய்தார். "எந்த வகைன்னு தெரியாம நான் போனை எடுக்க முடியாதுட்டி. தெரிஞ்சதும் எங்கிட்ட நேராச் சொல்லணும். என் வேலையை எங்கிட்டயே காட்டாத."

மதுரையில் வாய் வழியாகக் குழாய் விட்டு, ஊசியால் சதை எடுத்தார்கள். முடிந்ததும் அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்? கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். பெரியம்மா மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கட்டிலில் இருந்தவர், "ஏட்டி, போ. நல்ல டாக்டருதான்" என்றார்.

முடிவு வருவதற்குள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் மகள் திருப்பூரில் இருந்தாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் ஆள் வந்தது. தலையணையில் சாய்ந்தபடியே போனை வாங்கினார். "தாயி, சாப்பிட்டியா?" என்று அவர் கேட்கும் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் அன்றைக்கு இருந்தது தண்ணீர் கேன் போட வந்தவன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளைப் பஸ் ஏற்றிவிடும் பொறுப்பையும் கொடுத்துவிட்டு வைத்தார்.

முடிவு என் போனுக்கு வந்தது. படித்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"கடைசி வகை, பெரிம்மா."

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கத்தியைத் தட்டில் வைத்தார்.

"உனக்குச் சைக்கிள்காரனே தேவலை போலிருக்கே. செருப்பையாவது கழட்டிட்டு உள்ள வாட்டி."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அறுவை சிகிச்சைக்கு வழி இல்லை, மருந்து ஏற்றினால் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். தலையாட்டினார். பெரியப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "அவியளுக்குச் சொல்லியாச்சு. மெதுவா வளருதுன்னு சொன்னியே, அந்த வகைன்னு." முடிவு வருவதற்கு முன்பே பெரியப்பாவுக்கு ஒரு வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்.

பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. என்ன இந்நேரத்துல?"

"வீட்டுல கொஞ்சம் முடியல. லீவு போட்டு வந்துட்டுப் போ."

"யாருக்கும்மா?" என்றான்.

பெரியம்மாவின் வாய் திறந்தது. 'எனக்கு' என்ற ஒரு சொல்தான் வர வேண்டும். அது வரவில்லை. அவர் இத்தனை காலமும் சொன்னதெல்லாம் அடுத்தவரைப் பற்றியது.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

போன் கை மாறியது. தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் பேசினான். "தம்பி, அவனைத் தனியா விடாதீங்க. சாப்பிட வச்சு அனுப்புங்க" என்றார். அவனிடமும் அதற்கு மேல் சொல்லவில்லை.

"சரிங்கம்மா. நாங்க பாத்துக்கிறோம். நீங்க மனசைத் தைரியமா வச்சுக்கோங்கம்மா" என்று அவன் சொன்னான்.

போனை வைத்துவிட்டுப் பெரியம்மா, "எனக்கு எதுக்கு அவன் தைரியம் சொல்லுதான்?" என்றார்.

அதற்கு விடை இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அன்று காலை மருந்து ஏற்றுவது பற்றிக் கேட்க மதுரைக்குப் போவதாக இருந்தோம். கான்சாபுரத்திலிருந்து பெரியம்மாவின் தம்பி பைக்கில் வந்து இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. அவர் கேட்டைத் தள்ளவும் பெரியப்பா பேப்பரோடு வெளியே வரவும் சரியாக இருந்தது.

"என்னய்யா மாலையெல்லாம்? எந்தக் கட்சி மீட்டிங்குக்குப் போற?" என்றார் பெரியப்பா.

மாமா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மச்சான், நீங்க இருக்கீகளா?"

எல்லாம் புரிந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். சேதி சொன்னது அம்மா, அதுவும் கலங்காத குரலில். பெரியம்மா 'கொஞ்சம் முடியல' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அவர் மகனுக்குத் தெரியாதா? அப்பா போய்விட்டார் என்று முடிவு செய்து, வழியெல்லாம் லைன் கிடைக்காமல் அன்று விடியற்காலைதான் மாமாவைப் பிடித்து, "நான் வார வரைக்கும் எடுத்திராதீங்க" என்று கெஞ்சியிருக்கிறான். மாமாவும் அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போன் போடாமல் நேரே மாலையோடு வந்துவிட்டார்.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தோம். அவன் போன் அணைந்திருந்தது. மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினான். தெருவில் பந்தல் இல்லை. கேட்டருகில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பையைக் கீழே போட்டான். ஓடிவந்து அவர் கன்னம் இரண்டையும் கைகளால் பிடித்து, "எப்பா... எப்பா..." என்று குலுக்கினான். அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ கெட்ட வார்த்தை சொன்னான். மாமா கொண்டுவந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். பெரியம்மா வாசற்படியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"பொறவு எதுக்கும்மா கூப்பிட்ட?"

"உன்னையப் பாக்கணும் போல இருந்துச்சுலே."

"அதுக்கு இப்படியா? என் லீவு அம்புட்டும் போச்சு. இனி அடுத்த வருசந்தான் என் மூஞ்சியைப் பாக்க முடியும், பாத்துக்கோ." அவன் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவன் இருந்த நாட்கள் முழுவதும் அந்தச் சிரிப்பு வீட்டில் இருந்தது. அப்பாவுக்குச் சட்டை எடுத்தான். அய்யனார் கோவில் அருவிக்கு வண்டியில் கூட்டிப்போனான். பெரியம்மா முதலில், "வயித்துல புண்ணுலே" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, "கட்டி மாதிரி ஒண்ணு இருக்குதாம்" என்றார். "தங்கச்சிதான ஸ்கேன் எடுத்தா? மருந்து சாப்பிடு, சரியாப் போயிரும். ரெண்டு நாள் முழுக்க எங்கப்பாவைக் கொன்னு போட்டியே" என்று அவன் அம்மாவின் தோளைத் தட்டினான். இறந்த அப்பாவைத் திரும்பப் பெற்றவனிடம் வேறு எந்தச் செய்தியும் ஒட்டவில்லை.

"எப்பச் சொல்லப் போறீங்க?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன்.

"சாப்பிடட்டும்" என்பார் ஒரு நாள். "அருவிக்குப் போயிட்டு வரட்டும்" என்பார் இன்னொரு நாள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அந்தத் தெரு முனை டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "பாவம்மா. எப்ப அவங்கிட்டச் சொல்லப் போறாவ?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. மாமாவுக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். ஒவ்வொருவரிடமும் பெரியம்மா எல்லாவற்றையும் சொல்லி, "அவனுக்கு மெதுவா எடுத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். மகன் நடந்து போகிற தெரு முழுவதும் அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான். அவனுக்கு மட்டும் தெரியாது.

அவன் கிளம்புகிற நாள் வந்தது. மதுரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பெரியப்பா முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா வந்திருந்தார், எதிர்வீட்டு அக்காவும் வந்திருந்தார். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மாமாவைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார், அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் அவரையே திரும்பப் பார்த்தேன்.

"ஏலே. முடியலன்னு போன்ல சொன்னது உங்கப்பாவுக்கு இல்ல. எனக்கு."

"தெரியும்மா. அதான் கட்டின்னு சொன்னியே." ஒரு ஷூவுக்குக் கயிறு கட்டி முடித்திருந்தான்.

"என்ன கட்டின்னு நீ கேக்கலயே."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவளைப் பாக்காத. என்னையப் பாரு" என்றார் பெரியம்மா. "கணையத்துல பல வகை வருமாம். நீர்க்கட்டி ஒண்ணு, தேன்கூடு மாதிரி. அது ஒண்ணும் செய்யாதாம். எனக்கு அது இல்ல. குழாய்க்குள்ள வளருறது ஒண்ணு. வெட்டி எடுத்துருவாங்களாம். அதுவும் இல்ல. வயசுப் பிள்ளைகளுக்கு வருமாம் ஒண்ணு. எடுத்தா சரியாப் போயிருமாம். எனக்கு ஏது அந்த வயசு?" நீர்க்கட்டி இரண்டு வகை என்பதை அவர் விட்டுவிட்டார். நான் திருத்தவில்லை. "மெதுவா வளருறது ஒண்ணு இருக்கு. அது வந்தா வருசக்கணக்குல இருக்கலாம். உங்கப்பாகிட்ட அதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

முற்றத்தில் துணி உதறும் சத்தம் நின்றது.

"அதுவும் இல்லலே. மிச்சம் இருக்கிறது எனக்கு வந்திருக்கு. ஈரலுக்கும் போயிருச்சு."

அண்ணன், "எம்புட்டு நாள்?" என்று கேட்டான். பெரியம்மா வாயைத் திறந்து மூடினார். அது அவரால் ஆகவில்லை.

"மாசக்கணக்குன்னு சொல்வாங்க" என்றேன். "அதுலயும் கம்மியா இருக்கலாம்."

அவன் குனிந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்தான். ஷூவைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினான். போனை எடுத்துத் தேனிப் பையனைக் கூப்பிட்டான். எழுந்துகூடப் போகவில்லை, அவர் முன்னாலேயே பேசினான்.

"மாப்ள, எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்குக் கேன்சர். சாகப் போறாங்க. நான் இப்ப வரல. சுபேதார் சார்கிட்ட அப்படியே சொல்லு."

பெரியம்மா ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அதைக் கடைசி வரை கேட்டார்.

"எப்படிச் சொல்லுதான் பாரேன்" என்றார் என்னிடம். குறையாகச் சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவனுக்கு விடுப்பை நீட்டித்துக் கொடுத்தார்கள். அது போதுமானதாக இருந்தது.